முள் 1602-ஐத் தாண்டியபோது

வர்தா புயல் அடித்த 2016 டிசம்பர் 12 அன்று கார்த்திகை தீபம். வாசலில் வைக்க வாங்கியிருந்த அகல் விளக்குகள்தான் அடுத்த ஐந்து நாளும் எங்கள் வீட்டுக்கு வெளிச்சம். திருமுல்லைவாயலில் எங்கள் தெருவில் இரண்டு வேப்பமரமும் ஒரு மின்கம்பமும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன. செல்போனில் சிக்னல் இல்லை. ஏ.டி.எம்.மில் பணமே கிடைக்காமல் ஊரே வரிசையில் நின்ற மாதம் வேறு அது. இரண்டாம் நாள் இரவு அப்பா பரணிலிருந்து பழைய மூன்று பேண்ட் ரேடியோவை இறக்கித் தூசி தட்டி, பெரிய பேட்டரி நான்கு போட்டு, மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். நானும் பாயை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

மீடியம் வேவில் இரைச்சலே இல்லை. இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, சென்னையில் வளர்ந்த எனக்கு மீடியம் வேவ் என்றாலே எண்ணெயில் அப்பளம் பொரிவது போன்ற சத்தம்தான் நினைவுக்கு வரும். எல்.இ.டி. பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர், டி.வி. பெட்டிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் செட்டாப் பாக்ஸின் அடாப்டர், இவை எல்லாமே உள்ளே மின்சாரத்தை வேகமாகத் துண்டு துண்டாக வெட்டி வெட்டிக் கொடுக்கிற சாதனங்கள், அந்த வெட்டுகிற வேலையின் கசிவு மீடியம் வேவ் மேலேயும் விழும். அன்று வடசென்னை, மேற்குச் சென்னை எல்லாம் இருட்டு. கசிய ஒன்றுமில்லை. 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை முதல் அலைவரிசை கிணற்றுத் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. 882-இல் இலங்கை புத்தளம், 936-இல் திருச்சி, 1053-இல் தூத்துக்குடி என்று வரிசையாக வந்தன. மேகம் விலகி நிலா வந்திருந்தது, பௌர்ணமி. அப்பா ஒவ்வொரு நிலையமாக நிறுத்தி, பெயரைச் சொல்லி, அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தார்.

வலது ஓரம் 1602. அது சின்ன நிலையங்களின் இடம், நம் ஊட்டி வானொலிகூட ஒரு கிலோவாட்டில் அங்கேதான் இருந்தது, அந்த அலையைப் பல ஊர்கள் பங்கு போட்டுக்கொள்வதால் இரவில் சென்னையிலிருந்து கேட்டால் கல்யாண மண்டபத்துப் பேச்சு போல ஒரு கலவைதான் கிடைக்கும். சாதாரண ரேடியோ அதோடு முடிந்துவிடும். எங்கள் ரேடியோ முடியவில்லை. எப்போதோ ரிச்சி தெருவில் ஒரு மெக்கானிக்கிடம் பழுது பார்க்கக் கொடுத்தபோது அவர் உள்ளே அலையைச் சரிசெய்யும் ட்ரிம்மர் என்ற சின்னத் திருகு எதையோ திருப்பிவிட்டார் போல, அதிலிருந்து டயலில் எல்லா நிலையமும் இடப்பக்கம் தள்ளித்தான் வரும், 1602 தாண்டியும் முள்ளுக்கு ஒரு விரற்கடை இடம் மிச்சம் இருக்கும். அந்த விரற்கடையில், டயலில் எண்ணே அச்சடிக்காத இடத்தில், வீணை கேட்டது.

நல்ல வீணை. கொஞ்ச நேரத்தில் அதற்கு அடியிலிருந்து ஓர் ஆண் குரல் வந்து செய்தி வாசிக்க ஆரம்பித்தது, வீணையும் நிற்கவில்லை. இருவரும் ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு ஒருவரை ஒருவர் கவனிக்காமல் அவரவர் வேலையைப் பார்ப்பது போல. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு முள்ளைப் பார்த்தார். பிறகு பென்சிலால் டயல் கண்ணாடியில் ஒரு கோடு போட்டார்.

எதிர்வீட்டில் இருந்த அண்ணாச்சி தூத்துக்குடிக்காரர், கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். மறுநாள் இரவு அவரை மாடிக்குக் கூட்டி வந்தேன். வெளிநாட்டுத் துறைமுகம் எதிலோ வாங்கிய ஒரு டிஜிட்டல் ரிசீவர் வைத்திருந்தார், 150 கிலோஹெர்ட்ஸிலிருந்து 30 மெகாஹெர்ட்ஸ் வரை இடைவெளி இல்லாமல் போகும். அதைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். ஐந்து நிமிடத்தில் அதே கலவை அவருடைய ரிசீவரிலும் வந்துவிட்டது, திரையில் 1737.

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. ஏனென்றால் மீடியம் வேவ் கேட்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு, எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பதின் மடங்கு வர வேண்டும். 1975-இல் ஜெனீவாவில் ஓர் ஒப்பந்தம் போட்டு ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆசியா முழுக்க நிலையங்களை 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கினார்கள், 1978 நவம்பர் 23-இலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. அதனால்தான் 720, 783, 936, 999, 1017, 1197, 1269, எதை எடுத்தாலும் ஒன்பதால் வகுபடும். அமெரிக்கக் கண்டத்தில் மட்டும் 10 கிலோஹெர்ட்ஸ். ஒன்பதால் வகுபடாத எண்ணில் ஏதாவது கேட்டால், ஒன்று அது வெகு தூரத்து அமெரிக்கா, இல்லையென்றால் திருட்டு நிலையம், அல்லது ரேடியோவின் கோளாறு. 1737-ஐக் கூட்டிப் பாருங்கள். 18. அப்போ இது முறையாக ஒதுக்கப்பட்ட நிலையமாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் நம் பகுதியில் மீடியம் வேவ் 1606.5-ஓடு முடிந்துவிடுகிறதே?

அண்ணாச்சி பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ரிசீவரைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியில் நடக்க ஆரம்பித்தார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனால் சத்தம் குறைந்தது. படிக்கட்டுப் பக்கம் இன்னும் குறைந்தது. மூலையில், பாதித் தகரம் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்த எங்கள் பழைய கொட்டகைப் பக்கம் போனதும் வீணை உறுமியது. அண்ணாச்சி ஒரு கையால் அந்தத் தகரத்தைப் பிடித்து ஆட்டினார், ஆட்ட ஆட்ட நிலையம் விட்டு விட்டு வந்தது.

“இது ஸ்டேஷன் இல்ல தம்பி. ரெண்டு ஸ்டேஷனுக்குப் பொறந்த பிள்ளை. 720-யும் 1017-யும் கூட்டிப் பாரு.”

1737.

நடந்தது இதுதான். எங்கள் வீட்டிலிருந்து ஆவடி கூப்பிடு தூரம், அங்கேதான் வானொலியின் பெரிய டிரான்ஸ்மிட்டர் வளாகம் இருக்கிறது. 720-இல் முதல் அலைவரிசை 200 கிலோவாட், 1017-இல் இரண்டாவது 20 கிலோவாட். அவ்வளவு பலமான அலைகள் வந்து மோதும்போது மாடியில் கிடக்கிற எந்த நீளமான இரும்பும் ஆன்டெனாதான், கொடிக் கம்பி, தகரம், கைப்பிடிக் கம்பி எல்லாமே. தகரத்தோடு தகரம் உரசும் இடத்தில் துரு பிடித்திருந்தால் அந்தத் துரு ஒரு மோசமான டயோடாக வேலை செய்யும், மின்சாரத்தை ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் சிரமமாகவும் விடும். அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு அலைகள் ஒன்றாகப் போனால் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய அலைகளாகப் பிறந்து அந்தத் தகரத்திலிருந்தே வெளியேறும். கழித்தால் 297, அதை எங்கள் ரேடியோ பிடிக்காது. கூட்டினால் 1737, ரிச்சி தெரு மெக்கானிக்கின் கை பட்டதால் அதை மட்டும் எங்கள் ரேடியோ பிடித்தது. ரேடியோவுக்குள்ளேயே இப்படிக் கலந்துவிடுவதும் உண்டு, ஆனால் அமைப்பில் சம்பந்தமே இல்லாத இரண்டு ரேடியோக்களும் ஒரே மூலையில் பலமாகக் கேட்டதால் பிறப்பிடம் வெளியே இருக்கிறது என்பது உறுதியாகிவிட்டது. ஒன்பதின் மடங்காக வந்ததும் தற்செயல் கிடையாது. ஒன்பதின் மடங்கு இரண்டைக் கூட்டினால் வேறு என்ன வரும்!

அந்த இரவே இன்னொரு வகையிலும் அது நிரூபணமானது. இரண்டில் ஒரு நிலையம் நிகழ்ச்சிகளை முடித்துக்கொண்டு மூடிய கணத்தில் 1737-இல் இரண்டு குரலுமே சேர்ந்து நின்றன. பெற்றவரில் ஒருவர் போனதும் பிள்ளையும் போனது.

இதற்குப் பிறகு இரண்டு மூன்று நாள், கரண்ட் வரும்வரை, தினமும் இரவு அண்ணாச்சி வீட்டுத் திண்ணைதான். மீடியம் வேவ் ஏன் 526.5-இல் தொடங்கி 1606.5-இல் முடிகிறது என்று அதுவரை எனக்குக் கேள்வியே எழுந்ததில்லை. அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய கப்பல் கடிகாரம் மாட்டியிருக்கும், சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், முகப்பில் பீட்சா துண்டு மாதிரி சிவப்பாக இரண்டு, பச்சையாக இரண்டு பட்டை இருக்கும். அழகுக்குப் போட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அகல் விளக்கை அதன் பக்கம் உயர்த்திப் பிடித்து அவர் விளக்கினார். ஒவ்வொரு மணியிலும் 15-ஆம் நிமிடத்திலிருந்து 18 வரை, 45-லிருந்து 48 வரை சிவப்பு: அந்த மூன்று நிமிடங்களில் உலகத்தில் எந்தக் கப்பலும் 500 கிலோஹெர்ட்ஸில் மோர்ஸ் தந்தி தட்டக் கூடாது, காதில் ஹெட்போனோடு சும்மா உட்கார வேண்டும், எங்காவது ஒரு பலவீனமான எஸ்.ஓ.எஸ். வருகிறதா என்று கேட்பதற்காக. மணி தொடங்கும்போது மூன்று நிமிடமும் அரை மணியில் மூன்று நிமிடமும் பச்சை, அது 2182 கிலோஹெர்ட்ஸில் பேச்சுக்கு. “நடுக்கடல்ல ராத்திரி ரெண்டே முக்காலுக்கு அந்த மூணு நிமிஷம் இருக்கே தம்பி, கோயில் மாதிரி இருக்கும்” என்றார்.

500 கிலோஹெர்ட்ஸ் என்றால் 600 மீட்டர் அலைநீளம். வானொலி ஒலிபரப்பு என்ற ஒன்று பிறப்பதற்கு முன்பே கப்பல்காரர்கள் அங்கே குடியேறிவிட்டார்கள், டைட்டானிக் காலத்துக்கு முன்பிருந்தே. சென்னையில் முதல் ஒலிபரப்பே 1924-இல்தான், சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் அந்த ஜூலை 31-ஆம் தேதி ஆரம்பித்தது, காசு பற்றாமல் மூன்றே வருடத்தில் மூடி, அதன் டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சிக்குப் போய், 1930-இலிருந்து மாநகராட்சி நடத்தி, பிறகு 1938 ஜூனில் அகில இந்திய வானொலி வந்தது. இப்படிப் பின்னால் வந்த ஒலிபரப்புக்காரர்களுக்கு, கடலோடிகளின் 500-க்கு மேலே கொஞ்சம் இடைவெளி விட்டு இடம் கொடுத்தார்கள். மேல் முனையிலும் அதே கதைதான், 1606-க்கு மேலே கப்பல்கள் கரையோடு பேசும் அலைகள். நாம் பாட்டும் செய்தியும் கேட்ட மீடியம் வேவ் என்பது இரண்டு பக்கமும் கடல் சூழ்ந்த ஒரு துண்டு நிலம்.

மோர்ஸ் 1999 பிப்ரவரி 1-ஆம் தேதியோடு கப்பல் பாதுகாப்பிலிருந்து விடைபெற்றது, செயற்கைக்கோள் முறை வந்துவிட்டது. ஆனால் அந்த இடம் காலியாகிவிடவில்லை. அண்ணாச்சி ரிசீவரை 518-க்குக் கொண்டுபோனார். மீடியம் வேவின் முதல் நிலையமான 531-க்குச் சற்று முன்னால். சிள்வண்டு கத்துவது மாதிரி ஒரு சத்தம். நேவ்டெக்ஸ் என்பார்கள், கப்பலில் இருக்கும் சின்ன இயந்திரம் அந்தச் சத்தத்தை எழுத்தாக மாற்றிக் கொடுக்கும்: புயல் எங்கே, காற்று எவ்வளவு, எந்தக் கலங்கரை விளக்கம் எரியவில்லை. உலகம் முழுக்க இதற்கு ஒரே அலை என்பதால் ஒவ்வொரு நிலையத்துக்கும் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம், முறை வைத்துப் பேச வேண்டும். இந்தியக் கடற்கரையில் உள்ள இத்தகைய நிலையங்களில் ஒன்று நம் பரங்கிப்பேட்டையில் இருக்கிறது, போர்ட்டோ நோவோ என்ற பழைய பெயரில்.

எனக்கு அந்த நொடியில்தான் மனசு கனத்தது. வங்கக் கடலில் போகும் ஒரு கப்பல் மாலுமிக்கு, எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும், புயல் பற்றிய ஒவ்வொரு வரியும் அவன் அறைக்கே வந்து சேர்கிறது. திருமுல்லைவாயலில் இருக்கிற எனக்கு, பால் எங்கே கிடைக்கும், எந்தச் சாலை திறந்திருக்கிறது, அறுந்து கிடக்கும் கம்பியில் கரண்ட் இருக்கிறதா என்று சொல்ல ஆளில்லை. வானொலி செய்தி வாசித்தது, மறுக்கவில்லை, ஆனால் அது மாநிலத்துக்கே வாசிக்கும் செய்தி. என் தெருவுக்கு அதில் இடம் எப்படி இருக்கும்? அதற்கு முந்தைய வருடம், 2015 டிசம்பர் வெள்ளத்தில், அடையாற்று ஓரம் இருந்த என் அத்தை வீட்டில் போனும் இல்லை, கரண்டும் இல்லை, தண்ணீர் வாசற்படி ஏறிய பிறகுதான் அவர்களுக்குத் தெரியும். மாடியில் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தார்கள்.

அப்புறம் நான் இதைப் பற்றி விடாமல் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கத் தெரிந்தது, மற்ற ஊர்களில் இந்த ஓரத்து அலைகளைச் சின்னக் குரல்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஜப்பானில் நெடுஞ்சாலையில் போகும்போது ஒரு பலகை வரும், 1620-க்குத் திருப்பு என்று. அந்தச் சாலையில் முன்னால் நெரிசலா, விபத்தா, பனியா என்று மட்டும் சொல்லும் நிலையம். சாலையோரமாகவே ஓடும் ஒரு கேபிள்தான் அதற்கு ஆன்டெனா, சாலையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனால் கேட்காது. அமெரிக்காவில் 1977-இலிருந்து இதற்கென்றே தனி உரிமம் உண்டு, 530-இலும் 1610-இலும் ஆரம்பித்தார்கள், அதிகபட்சம் 10 வாட். பாட்டுப் போடக் கூடாது, விளம்பரம் கூடாது. விமான நிலையம், தேசியப் பூங்கா, புயல் வந்தால் வெளியேற வேண்டிய சாலை, இவற்றைப் பற்றித் தகவல் மட்டும். 10 வாட் என்பது ஒரு எல்.இ.டி. பல்பு தின்னும் மின்சாரத்தின் அளவுதான்.

அங்கே மேல் முனையையே பிறகு 1705 வரை நீட்டிவிட்டார்கள், 1995-இல் நியூ ஜெர்சியில் 1660-இல் முதல் நிலையம் வந்தது. கனடாவில் டொரன்டோவை ஒட்டிய பிராம்ப்டனில் கீழ் ஓரத்து 530-இலேயே பல மொழிகளில் ஒரு வணிக நிலையம் நடக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது ஆஸ்திரேலியா. நம்மைப் போலவே 9 கிலோஹெர்ட்ஸ் நாடு அது. 1611-லிருந்து 1701 வரை 400 வாட் சின்ன நிலையங்களை அனுமதித்தார்கள். பெரிய நிலையங்கள் கண்டுகொள்ளாத அந்த ஓரத்துக்குக் குடியேறிகள் வந்து சேர்ந்தார்கள். சிட்னியில் 1620-இல் அரபு, மெல்போர்னில் 1674-இல் பஞ்சாபியும் இந்தியும். மெல்போர்னில் இருக்கும் சித்தி மகள் காரில் போகும்போது ஒருமுறை போனை ரேடியோ பக்கம் பிடித்துக் கேட்க வைத்தாள், யாரோ ஒரு அம்மா நேயர் அழைப்பில் மகளின் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இந்தி எனக்கு அரைகுறை. ஆனாலும் முழுசாகக் கேட்டேன்.

ஐரோப்பாவில் வத்திக்கான் வானொலி பல வருடம் 1611-இல் இருந்தது, மீடியம் வேவின் கடைசி வீட்டுக்கு அடுத்த மனை அது. நெதர்லாந்தின் கிராமப்புறத்தில் அனுமதியில்லாமல் 1610-லிருந்து 1700 வரை பாட்டுப் போடும் பண்ணைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள், நல்ல குளிர்கால இரவில் பாதி ஐரோப்பாவுக்குக் கேட்கும். அவர்களைப் பார்த்து இங்கே யாரும் ஆரம்பிக்க வேண்டாம், உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது நம் நாட்டில் குற்றம், அந்த ஓரத்தில் இன்னும் கடலோடிகளின் அலைகளும் இருக்கின்றன.

ஆனால் உரிமம் கொடுத்தே செய்யலாமே என்பதுதான் எட்டு ஒன்பது வருடமாக என் கேள்வி. ஒரு மண்டலத்துக்கு ஒன்று, 10 வாட், ஒரே அலை, புயல் எச்சரிக்கை வந்த நாளிலிருந்து தண்ணீர் வடிகிற நாள்வரை. அம்பத்தூருக்கு அம்பத்தூர் தகவல், வேளச்சேரிக்கு வேளச்சேரி தகவல். எஃப்.எம்.மில் செய்தால் என்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். செய்யலாம், அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004-லேயே 90.4-இல் சமுதாய வானொலி தொடங்கிய ஊர் இது, நாட்டிலேயே முதல் வளாக வானொலி. ஆனால் மீடியம் வேவ் தரையை ஒட்டி ஊர்ந்து போகும், அடுக்குமாடிக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குள்ளும் இறங்கும், கேட்கிற கருவி பத்துப் பதினைந்து பாகம் கொண்ட எளிய பெட்டி, இரண்டு பென்சில் பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும். இப்போது வரும் போன்கள் பலவற்றில் எஃப்.எம். ரேடியோவே கிடையாது, இருந்தாலும் மூன்றாம் நாள் போனில் சார்ஜ் இருக்காது. எந்த அலையில் செய்தாலும் எனக்குச் சரிதான், ஆனால் ஓரத்தில் சும்மா கிடக்கும் மனையை நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது.

2019-இல் மாடிக் கொட்டகையைப் பிரித்துவிட்டோம், தகரம் முழுக்க ஓட்டை. புதிதாகப் போட்டது வண்ணம் பூசிய ஷீட், துரு கிடையாது. அன்று இரவு ரேடியோவை எடுத்துக்கொண்டு மேலே போனேன். 720 இருந்தது, 1017 இருந்தது, அப்பா போட்ட பென்சில் கோட்டுக்கு நேரே முள்ளை வைத்தால் வெறும் அப்பளம் பொரியும் சத்தம். கீழே வந்து சொன்னதும் அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை பழைய இரும்புக்காரர் தள்ளுவண்டியோடு வந்தபோது, அந்தக் குவியலிலிருந்து ஒன்றோடொன்று ஆணியடித்த இரண்டு தகரத்தை மட்டும் உருவி மாடிப்படிக்குக் கீழே சாய்த்து வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த பெரிய மின்வெட்டில் அதை மாடிக்குத் தூக்கிப் போய்ப் பார்க்க வேண்டும்.